ஏழு கட்டமும் ஒரு முட்டி எக்ஸ்ரேவும்

அதிகம் பேசாதவனை ஊர் புத்திசாலி என்று நினைத்துக்கொள்கிறது. இது எனக்குப் பல வருஷம் உதவியது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் யாராவது ஏதாவது கேட்டால் மெதுவாகத் தலையை ஆட்டுவேன். ஆழமான ஆள் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். (ஆழமும் இல்லை, ஒன்றும் இல்லை. பதில் தெரியாது, அவ்வளவுதான்.)

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறந்தேன். மல்லேஸ்வரத்தில், இருபது பேர் முன்னால். அரை மணி நேரம் பேசினேன். அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு பேசியதில்லை. அந்த அரை மணி நேரத்தில் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

எனக்குத் தொழில் டைல்ஸ் போடுவது. புது நூற்றாண்டு பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. பெங்களூரில் எல்லோரும் பழைய சிவப்புத் தரையை உடைத்து டைல்ஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு இருபத்தெட்டு வயது. ஆஸ்டின் டவுனில் அம்மாவோடு இருந்தேன். காலை முதல் மாலை வரை முட்டி போட்டே இருக்கிற வேலை. எட்டு வருஷத்தில் வலது முட்டி போய்விட்டது. மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

இரண்டு தெரு தள்ளி கலாவின் வீடு. கலாவுக்கு பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் வேலை. தைத்து வருகிற சட்டையில் இந்தப் பக்கக் கட்டமும் அந்தப் பக்கக் கட்டமும் சேர்கிறதா என்று பார்த்து, சேராததைத் தூக்கிப் போடுவாள். எனக்கும் அந்தப் பக்கம் ஒரு அபார்ட்மெண்ட்டில் வேலை நடந்தது. எட்டு மாதம் ஒரே பஸ்ஸில் போனோம். ஒன்பதாவது மாதம் அவளே கேட்டாள்.

"நீங்க எதனா சொல்லப் போறீங்களா, இல்ல நானே சொல்லட்டுமா?"

நீயே சொல் என்றேன். சொன்னாள். தலையை ஆட்டினேன்.

அவளுக்கு அப்பா இல்லை. அண்ணன் பாஸ்கர்தான் எல்லாம். டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அந்த வருஷம் டிவிகளை ஓரம் கட்டிவிட்டு ஐந்து கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு கேம் சென்டர் ஆக்கியிருந்தார். கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து அவருக்கு ஒரு பிடிவாதம். தங்கைக்குக் கம்ப்யூட்டர் தெரிந்த மாப்பிள்ளைதான் பார்ப்பேன் என்று. ஓசூர் பக்கம் ஒருவனைப் பார்த்தும் வைத்திருந்தார். ஏதோ நீளமான கோர்ஸ் முடித்தவன். கலா என் பெயரைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லையாம். யோசித்தாராம். அதுதான் இன்னும் மோசம்.

"நல்ல பையன்தான், ஆனா ஆன் பண்ணாத டிவி மாதிரி இருக்கான்னுச்சு அண்ணன்" என்றாள் கலா.

ஊரில் ஏமாறாத ஆள் அவர் ஒருவர்தான்.

கலா விடவில்லை. அந்தக் கடையின் தரை பொத்தல் பொத்தலாக இருந்தது. அதற்கு என்னையே கூப்பிட வைத்தாள். ஐந்து நாள் கண் முன்னால் இருந்தால் அண்ணனுக்குப் பிடித்துவிடும் என்பது அவள் கணக்கு.

தரை வேலை நடந்தபோதும் ஆட்டம் நிற்கவில்லை. ஒரு பாதியில் நான் டைல்ஸ் ஒட்டுவேன். மறு பாதியில் ஆட்டோக்காரர்களும் கூரியர் ஆட்களும் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம் இல்லை. யோசித்து ஆடுவது. கடையில் அதற்குப் பீரங்கி ஆட்டம் என்று பெயர்.

திரை முழுக்கச் சதுரம் சதுரமாகக் கட்டங்கள். (எனக்கு உடனே பிடித்துப்போனது. தரையை நிமிர்த்தி வைத்த மாதிரி இருந்தது.) ஆளுக்கு மூன்று பீரங்கி, ஒரு கொடி. ஆட்டம் தொடங்கும் முன் கொடியை நம் பக்கத்தில் எங்கே வேண்டுமானாலும் நடலாம். நட்டபின் அது நகராது. அப்புறம் மாற்றி மாற்றி ஆட வேண்டும். உங்கள் முறை வந்தால், ஒரு பீரங்கியை நான்கு கட்டம் வரை நகர்த்தலாம். அல்லது ஒரு குண்டு சுடலாம். குண்டு ஏழு கட்டம் போகும். எதிராளியின் பீரங்கியில் பட்டால் அது போய்விடும். கொடியில் பட்டால் ஆட்டம் முடிந்தது. எட்டாத இடத்தைச் சுட்டால் 'டொய்ங்' என்று சத்தம் வரும். உங்கள் முறை வீண்.

கடையில் அந்த டொய்ங்தான் அதிகம் கேட்டது. நேர் வரிசையில் இருப்பதை எண்ணிச் சுட்டுவிடுவார்கள். சாய்வாக இருப்பதை எப்படி எண்ணுவது என்று யாருக்கும் தெரியவில்லை. படிக்கட்டு ஏறுவது போல ஒருவர் எண்ணுவார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் பார்ப்பார். விதியைப் படித்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. கூடவே புத்தகம் எதுவும் வரவில்லை. கையால் பெயர் எழுதிய ஒரு சிடி, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. தரைக்கு நூல் பிடிக்கிறவனுக்குச் சாய்வு என்ன பெரிய விஷயம். எழுந்துபோய், சட்டைப் பையிலிருந்து நூலை எடுத்தேன். ஒரு முனையைப் பீரங்கி மேல் வைத்தேன். நேர் வரிசையில் ஏழு கட்டம் அளந்து பிடித்தேன். அப்படியே அரை வட்டம் சுற்றினேன்.

"இவ்ளோதான் எட்டும்" என்றேன்.

தண்ணீர் கேட்டதைத் தவிர அந்தக் கடையில் நான் பேசிய முதல் பேச்சு அது. ஆட்டோக்காரர் ஒருவர் நூலுக்கு உள்ளே சாய்வாக இருந்த ஒரு பீரங்கியைச் சுட்டார். வெடித்தது. டொய்ங் இல்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் போய் மறுபடி முட்டி போட்டுக்கொண்டேன்.

மறுநாள் வீட்டிலிருந்து ஒரு சாமான் செய்து எடுத்துப் போனேன். என் வலது முட்டியின் எக்ஸ்ரே படம். வெந்நீரில் போட்டுத் தேய்த்தால் கறுப்பு போய்க் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதில் ஏழு கட்ட அளவுக்கு வட்டம் போட்டு வெட்டினேன். நடுவில் ஒரு துளை. துளையைப் பீரங்கி மேல் வைத்தால், வட்டத்துக்குள் இருப்பதெல்லாம் குண்டு எட்டுகிற இடம். அந்தக் காலத்துப் பெட்டி மானிட்டரில் கரண்டே இழுக்கும், பிசின்கூட வேண்டாம். படம் தானாகவே திரையில் ஒட்டிக்கொள்ளும், கை முடியெல்லாம் சிலிர்க்கும். ஒரே குறை, நான் சரியாகத் தேய்க்கவில்லை. முட்டிச் சில்லு மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தது. யுத்த பூமிக்கு மேல் என் முட்டி.

அதற்கப்புறம் கடையில் பேச்சே மாறிவிட்டது. "முட்டிக்குள்ள வந்துட்டான், அடி." "இல்லபா, முட்டிக்கு வெளியதான் கீறான், வுடு." வெளியே இருப்பவனை யாரும் சுடுவதில்லை. எதற்கு ஒரு முறையை வீணாக்குவது. உள்ளே சுட்ட குண்டு ஒன்றுகூடத் தப்பவில்லை. தரை முடிந்த பிறகும் என்னை வரச் சொன்னார்கள். போனேன். பாஸ்கர் அண்ணன் மௌஸைப் பிடிப்பார். நான் பக்கத்தில் நின்று முட்டியைப் பிடிப்பேன். ஆஸ்டின் டவுனில் எங்களை ஜெயிக்க ஆள் இல்லை.

ஒருநாள் அவர் என் தோளில் கை போட்டார்.

"ஏழுமல, உன்னத் தப்பா நெனச்சுட்டேன்பா. உள்ள படம் ஓடிக்கினுதான் இருந்துருக்கு. சவுண்டுதான் இல்ல."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. (வந்தது. ஆனால் கொஞ்சம் தாமதமாக.)

மல்லேஸ்வரத்தில் ரகு என்று ஒருவர் கேம் சென்டர் வைத்திருந்தார். வாரம் முழுக்க ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை, ஞாயிற்றுக்கிழமை கடை. பாஸ்கர் அண்ணன் அங்கே மானிட்டர் ரிப்பேருக்குப் போனவர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் பந்தயம் கட்டிவிட்டு வந்தார். ஒரே ஆட்டம். நாங்கள் ஜெயித்தால் ரகு தன் பதினேழு அங்குல மானிட்டர் ஒன்றைத் தர வேண்டும். தோற்றால் ரகுவின் கடைத் தரைக்கு டைல்ஸ் போட்டுத் தர வேண்டும். யார் போடுவது என்பதை அவர் என்னிடம் கேட்கவில்லை.

கேட்காமலே இன்னொன்றும் சொன்னார்.

"அந்த ஓசூர் பையன் அடுத்த ஞாயித்துக்கிழம பொண்ணு பாக்க வரேன்றான். நீ இந்த ஞாயித்துக்கிழம ஜெயிச்சுக் குடு. அன்னிக்கே அம்மாகிட்ட பேசி, அவன வர வாணாம்னு சொல்லிடறேன்."

தலையை ஆட்டினேன். இந்த முறை வேகமாக.

தொழில்காரன் போலத் தயாரானேன். பெரிய மானிட்டர் என்றால் கட்டமும் பெரிதாக இருக்கும். பழைய வட்டம் உதவாது. அம்மாவின் கால் எக்ஸ்ரே ஒன்றைத் தேய்த்து எடுத்துக்கொண்டேன். நூல், பென்சில், கத்தரி, அடிக்கோல் எல்லாம் பையில். மல்லேஸ்வரத்தில் நான் உள்ளே நுழைந்ததும் ஒருவர் மீட்டர் போர்டு இருக்கும் இடத்தைக் காட்டினார். ஒயரிங் ஆள் என்று நினைத்துவிட்டார்.

பாஸ்கர் அண்ணன் அம்மாவையும் கலாவையும் கூட்டி வந்திருந்தார். ஆட்டம் முடிந்ததும் பக்கத்துக் கோயிலுக்குப் போகலாம் என்று ஏற்பாடு. இரண்டு பேரும் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். சுற்றிலும் மல்லேஸ்வரத்து ஆட்கள். எங்களோடு வந்த நாலு ஆட்டோக்காரர்கள்.

ரகுவுக்கு நாற்பது வயது இருக்கும். கண்ணாடி. மரியாதையான மனுஷர். "பன்னி சார், பன்னி, கூத்கொள்ளி" என்று கன்னடத்தில் வாங்க, உட்காருங்க சொல்லி வரவேற்று, நாங்கள் தமிழ் என்று தெரிந்ததும் தமிழுக்கு மாறி, எனக்கு அவரே காபி கொண்டுவந்து கொடுத்தார். அவரிடம் நூல் இல்லை, அடிக்கோல் இல்லை. விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். கணக்கு படித்தவர் விரல் விட்டு எண்ணுகிறார், ஆறாவது படித்தவன் வட்டம் வைத்து அளக்கிறான். எனக்கு அவரைப் பார்த்தால் பாவமாக இருந்தது. காபியும் நன்றாக இருந்தது. ஜெயித்த பிறகு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

புது வட்டத்தை வெட்டினேன். கொடியை நட்டேன். வட்டத்தின் துளையைக் கொடி மேல் வைத்தேன். எங்கள் கொடியைச் சுட வேண்டுமானால் எதிரி இந்த வட்டத்துக்குள் வந்தாக வேண்டும். வரக்கூடிய வழி எல்லாவற்றையும் பார்த்து மூன்று பீரங்கிகளை நிறுத்தினேன். எவன் உள்ளே கால் வைத்தாலும் அடி. ஒரு இடுக்கு இல்லை. அப்படி ஒரு தரையை நான் போட்டதில்லை.

இதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது. பிறகுதான் ஒருவர் கேட்டார், அது என்ன சார் பிளாஸ்டிக் என்று.

வாயைத் திறந்தேன்.

ஏன் திறந்தேன் என்று இன்றுவரை தெரியாது. பின்னால் கலா உட்கார்ந்திருந்தது ஒரு காரணம். அவள் அம்மா உட்கார்ந்திருந்தது இன்னொரு காரணம். மூன்றடி, நாலடி அளந்தால் குறுக்கே ஐந்தடி வர வேண்டும், வந்தால்தான் மூலை நேர் என்று ஆரம்பித்தேன். ஓரடி டைல்ஸுக்கு மூலைக்கு மூலை ஒரு அடி ஐந்து அங்குலம் என்றேன். பக்கவாட்டில் போவது வேறு, மூலைவாட்டில் போவது வேறு, பார்க்கிறவன் கண் ஏமாறும், நூல் ஏமாறாது என்றேன். ஆட்டம் ஒரு பக்கம் நடக்க, நான் ஒரு பக்கம் பேசிக்கொண்டே இருந்தேன். எங்கள் ஆட்டோக்காரர்கள் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். ரகு மட்டும் கேட்டுக்கொண்டே விரல் விட்டு எண்ணினார்.

ஆட்டம் எங்கள் கையில்தான் இருந்தது. ரகுவின் பீரங்கி இரண்டு போய்விட்டது. எங்களுக்கு ஒன்றுதான் போயிருந்தது. எங்கள் பீரங்கி ஒன்று அவர் கொடியை நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போது அவருடைய மூன்றாவது பீரங்கி மூலைவாட்டில் மெதுவாக வந்தது.

"ஏழுமல, இவன் இங்க வர்றான்பா" என்றார் பாஸ்கர் அண்ணன். "நம்ம பீரங்கிக்கு எட்டுது. அடிச்சுடட்டுமா?"

வட்டத்தைக் காட்டினேன். ரகுவின் பீரங்கி அதற்கு வெளியே வெகு தூரத்தில் இருந்தது. நகரட்டும், நம் பீரங்கியை முன்னால் தள்ளுங்கள் என்றேன். தள்ளினார். ரகு மறுபடி மூலைவாட்டில் வந்து நின்றார்.

எங்கள் கொடியிலிருந்து பக்கவாட்டில் ஏழு கட்டம். மேலே ஏழு கட்டம். சரியாக மூலை. வட்டத்துக்கு வெளியே நன்றாக மூன்று கட்டம் தள்ளி.

"இப்ப அடிச்சுடலாம்பா. எனக்கு மனசு கேக்கல."

நான் நூலை எடுத்தேன். எல்லோரும் பார்க்க, ரகுவின் பீரங்கியிலிருந்து எங்கள் கொடிக்குப் பிடித்தேன். நேர் வரிசையில் வைத்துக் காட்டினேன். பத்துக் கட்டம், கொஞ்சம் குறைவு. ஏழுதான் எட்டும். இன்னும் ஒரே முறை, நம் பீரங்கி நாலு கட்டம் போனால் அடுத்த முறை அவர் கொடி நம்முடையது. எட்டாதவனை அடித்து ஒரு முறையை ஏன் வீணாக்க வேண்டும்.

"அண்ணா" என்றேன், இருபது பேருக்கும் கேட்கிற மாதிரி. "அவரு அங்கேருந்து நம்ம கொடியத் தொட்டாருன்னா, நான் இனிமே நூலே புடிக்க மாட்டேன்."

பாஸ்கர் அண்ணன் பீரங்கியை முன்னால் தள்ளினார்.

ரகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார். எங்கள் கொடியிலிருந்து அவர் பீரங்கி வரை மூலைக்கு மூலை விரலை வைத்து எண்ணினார். சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைந்தது. பிறகு சுட்டார்.

டொய்ங் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. எங்கள் கொடி எரிந்தது. அந்த ஆட்டத்தில் கொடி எரிந்தால் ஒரு ஷெனாய் மாதிரி ஏதோ வாசிக்கும். முழுவதும் வாசித்தது. நிறுத்துவதற்கு வழியில்லை.

நான் இன்னும் நூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பின்னாலிருந்து கலாவின் அம்மா கேட்டார். "முடிஞ்சிச்சா? கோயிலுக்குப் போலாமா?"

போனோம். நாலு பேரும். பாஸ்கர் அண்ணன் பத்தடி முன்னால் நடந்தார். நேராகவா மூலைவாட்டிலா என்று அளக்கத் தோன்றவில்லை. கோயிலில் அவர் எல்லோருக்கும் விபூதி கொடுத்தார், எனக்குக் கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன். சன்னிதியை மூன்று சுற்றுச் சுற்றினேன். இத்தனை வருஷமாகச் சுற்று என்று சொல்லிக்கொண்டு சதுரமாகத்தான் நடந்துகொண்டிருக்கிறோம் என்பதை அன்றுதான் கவனித்தேன்.

திங்கட்கிழமை காலை பையைத் தூக்கிக்கொண்டு மறுபடி மல்லேஸ்வரம் போனேன். பந்தயம் பந்தயம்தான். ரகுவுக்குக் கூச்சமாக இருந்தது. வேண்டாம் சார், சும்மா பேச்சுக்குச் சொன்னது என்றார். நான் தரையை உடைக்க ஆரம்பித்தேன். (பேசுகிற பழக்கத்தை ஞாயிற்றுக்கிழமையோடு விட்டுவிட்டேன்.)

வியாழக்கிழமை பாதித் தரை முடிந்தது. சிமெண்ட் இறுகின பக்கத்தில் ரகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். ஆபீஸ் போகும் வழியில் வந்திருந்தார். என்னை ஒரு டைல்ஸில் நிற்கச் சொன்னார். அவர் மூலைவாட்டில் ஒரு டைல்ஸ் தாண்டினார்.

"இது எத்தன ஸ்டெப் சார்?"

ஒன்று என்றேன்.

"தூரம் எவ்ளோ?"

ஒரு அடி ஐந்து அங்குலம்.

"உங்களுக்கு ஒரு அடி அஞ்சு இஞ்ச். கம்ப்யூட்டருக்கு ஒண்ணு. அது நூல் புடிக்கறதில்ல சார். தாண்டிப் போற கட்டத்த எண்ணுது, அவ்ளோதான். நேராப் போனாலும் ஒண்ணு, மூலைக்குப் போனாலும் ஒண்ணு." ஏழு டைல்ஸ் மூலைவாட்டில் தாண்டிப் போய்ச் சுவரோரம் நின்றார். அவரைப் பார்த்தேன். பத்தடிக்கு ஒரு அங்குலம் குறைவு. ஏழு கட்டம்.

அப்படியென்றால் குண்டு எட்டுகிற இடம் வட்டமே இல்லை. சதுரம். என் வட்டம் அந்தச் சதுரத்துக்குள் அடங்கிக் கிடந்தது. அதனால்தான் உள்ளே சுட்டதெல்லாம் பட்டது. வெளியே நாலு மூலையும் எட்டும், ஆனால் ஆஸ்டின் டவுனில் ஒருவர்கூட அங்கே சுட்டுப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? ஏழுமலை வெட்டின வட்டம், தப்பாது என்ற நம்பிக்கை. ஒரு பேட்டை முழுவதையும் என் முட்டியைக் காட்டி ஏமாற்றியிருந்தேன். முதலில் ஏமாந்தவன் நான்.

வாழ்நாள் முழுக்கச் சதுரம் போடுகிறவன். ஒரே ஒரு இடத்தில் வட்டம் போட்டேன். அது சதுரமாக இருந்திருக்க வேண்டிய இடம்.

சனிக்கிழமை மத்தியானம் தரை முடிந்தது. ஓசூர்க்காரன் வருவதற்கு ஒரு நாள் இருந்தது. நான் நேராக பாஸ்கர் அண்ணன் கடைக்குப் போனேன். கலாவுக்கு அன்று அரை நாள் வேலை. அம்மாவோடு அண்ணனுக்குச் சாப்பாடு எடுத்து வந்திருந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை. நான் பையிலிருந்து மீதி இருந்த எக்ஸ்ரே துண்டை எடுத்தேன். ரகுவின் கடையிலேயே அதைப் பழைய முட்டி வட்டத்தின் அளவுக்குச் சதுரமாக வெட்டி வைத்திருந்தேன். பாஸ்கர் அண்ணன் முன்னால் வைத்தேன்.

"தப்பு என்னுது" என்றேன். "இனிமே இத வெச்சு ஆடுங்க."

அவர் ரொம்ப நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்ப்யூட்டரைப் போட்டார். ஒரு பீரங்கியை நிறுத்தி, சதுரத்தை வைத்து, மூலையில் சுட்டார். பட்டது. இன்னொரு மூலை. பட்டது. நாலு மூலையும் சுட்டுவிட்டுத்தான் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"இது சரியாதான் கீது" என்றார். "ஆனா ஒண்ணு சொல்லு. உன்ன நம்பி ஒரு கொடியக் குடுத்தேன். கூடவே மூணு பீரங்கி. அதக்கூட உன்னால பத்திரமா வெச்சிக்க முடியல. எந்த தைரியத்துல உனக்கு என் தங்கச்சியக் குடுக்கறது?"

நியாயமான கேள்வி. தலையை ஆட்டலாமா என்று யோசித்தேன். அந்தக் கேள்விக்குத் தலையை எந்தப் பக்கம் ஆட்டினாலும் தப்பு.

கலா டிபன் கேரியரைத் திறந்துகொண்டே பேசினாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கொடி நட்ட எடத்துலயே நிக்கும்ணா. நான் நிப்பனா? குண்டு வருதுன்னு தெரிஞ்சா நான் நகந்துக்குவேன். இவரையும் இழுத்துக்கினு நகந்துக்குவேன். நீ சோறு துன்னு."

பாஸ்கர் அண்ணன் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"நீ என்னம்மா சொல்ற?"

"எனக்கு அந்தப் பீரங்கியெல்லாம் தெரியாதுப்பா" என்றார் அம்மா. "அன்னிக்குத் தோத்தான். கம்ப்யூட்டரு சரியில்ல, நீ சரியில்ல, நேரம் சரியில்லன்னு ஒரு வார்த்த சொன்னானா? மறுநாளே போய் அவங்களுக்குத் தரை போட்டுக் குடுத்துட்டு வந்துக்கிறான். தோத்துட்டு வாய மூடிக்கினு இருக்கற ஆம்பளய நான் இந்த வயசுக்கு இப்பதான் பாக்கறேன். ஓசூருக்குப் போன் போடு."

அவர் உடனே போடவில்லை. சாப்பிட்டு முடித்து, கை கழுவி, கையைத் துடைத்துக்கொண்டு, அப்புறம்தான் போட்டார். அந்த இருபது நிமிஷமும் நான் நின்றுகொண்டே இருந்தேன். நான் போட்ட தரையில் ஒரு டைல்ஸ் ஒரு மயிரிழை ஏறி இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். சொல்லவில்லை.

மூன்று மாதத்தில் கல்யாணம். ரகு வந்திருந்தார். சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்தார், வட்டமானது. வேண்டுமென்றே வாங்கினாரா என்று தெரியாது. கேட்கவில்லை.

மேடையில் எல்லோரும் போட்டோவுக்கு நின்றோம். கூட்டம் அதிகம். ஆள் வர வர நான் தள்ளித் தள்ளி ஓரத்துக்குப் போய்விட்டேன். மாப்பிள்ளை நான்தான் என்பது போட்டோக்காரருக்கே மறந்துவிட்டது. அப்போது என் மச்சான் ஆகிவிட்டிருந்த பாஸ்கர் மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"மாப்ள, மூலையில நிக்காதீங்க. அங்கயும் குண்டு வரும்."

ஆட்டோக்காரர்கள் சிரித்ததில் போட்டோ மூன்று முறை எடுக்க வேண்டியிருந்தது. மூன்றிலும் எனக்குக் கண் மூடியிருக்கிறது.

இருபது வருஷம் தாண்டிவிட்டது. எங்கள் வீட்டு விசேஷங்களில் என்னை யாரும் ஓரத்தில் நிற்க விடுவதில்லை. பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்தால் யாராவது வந்து எழுப்பி நடுவில் உட்கார வைப்பார்கள். அந்த ஆட்டத்தை ஒருமுறைகூடப் பார்க்காத மச்சானின் மருமகள்வரைக்கும் சொல்கிறாள், "மாமா, மூலை". போன மாதம் மச்சான் பேத்திக்குப் பெயர் வைக்கிற விழா. போன் வந்த காலம், இப்போது போட்டோ எடுப்பது என் மகள்தான். வரிசையில் நான் வழக்கம்போல ஓரமாக ஒதுங்கியிருந்தேன். அவள் போனைக் கீழே இறக்கினாள். வாயைத் திறக்கவே இல்லை. விரலால் என்னிடமிருந்து நடு வரைக்கும் ஒவ்வொரு தலையாக எண்ணினாள். ஏழு.

கலா என் கையைப் பிடித்து இழுத்தாள். நகர்ந்தேன்.